பொங்கும் தீத்தடுப்புப் பூச்சில் பிழை எங்கே? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தண்ணீரில் கலக்கும் பல்பகுதியப் பூச்சொன்றை இரும்பில் பூசி, தீப்பட்டதும் அது நுரைத்துப் பொங்கிக் கரிப்போர்வையாக நிற்க வேண்டும் என்று முயல்பவர்களுக்கானது இது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆய்வுகூடத்திலோ பட்டறையிலோ ஒரு கிலோ, இரண்டு கிலோ அளவில் கலந்து பார்ப்பவர்களை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகை.

பூச்சுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் பிழை தேட முடியாது. சூடு ஏறும்போது முதலில் பைண்டர், அதாவது தூள்களை ஒட்டிப் படலமாக்கும் பல்பகுதியம், இளக வேண்டும். பென்டாஎரித்திரிட்டோல் 260 பாகையளவில் உருகும். 270 முதல் 300 பாகைக்குள் அமோனியம் பொலிபொஸ்பேற்று அமோனியாவை விட்டுவிட்டு அமிலமாகும். அந்த அமிலம் பென்டாவில் உள்ள நீரைப் பறித்துக் காபன் நிறைந்த பாகாக மாற்றும். 300 தாண்டியதும் மெலமைன் வாயுவாகி அந்தப் பாகை ஊதும். பாகு இன்னும் இளக்கமாக இருக்கும்போதே வாயு வர வேண்டும், ஊதி முடிந்தவுடன் பாகு இறுக வேண்டும். இந்த நேரப்பொருத்தம் குலைந்தாலும் பிழைதான், பைண்டர், பென்டா, பொலிபொஸ்பேற்று, மெலமைன் என்ற நால்வரில் ஒருவர் காணாமற் போனாலும் பிழைதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் காணாமற் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: மாரி மழை, கரையோர ஈரக்காற்று, உவர்க் கிணற்றுத் தண்ணீர். அடுத்த காரணம், கடையில் கிடைத்ததை மாற்றிப் போட்டது.

ஒப்பிட ஒரு அடிப்படைக் கலவை

பிழை தேடுவதற்கு முன் நம்பக்கூடிய ஒரு கலவை கையில் இருக்க வேண்டும். 1000 கிராமுக்கு:

வடிநீர் 223
டிஸ்பர்சன்ற் (தூள்களை ஒட்டாமல் பிரித்து வைப்பது), பொலிஅக்கிரிலேற்று வகை, 40 வீதக் கரைசல் 6
ஐதரொட்சிஎதைல் செல்லுலோசு (தடிப்பாக்கி) 3
கிருமிகொல்லி 2
நுரைகொல்லி 4
அமோனியம் பொலிபொஸ்பேற்று, இரண்டாம் படிக வகை 270
மெலமைன் 85
பென்டாஎரித்திரிட்டோல், மாவாக அரைத்தது 85
டைட்டேனியம் டைஒட்சைட்டு, ரூட்டைல் வகை 70
வைனைல் அசற்றேற்று–வியோவா பால்மம் (இதுவே பைண்டர்), 50 முதல் 55 வீதத் திண்மம் 235
டெக்சனோல் (படலம் சேர உதவும் கரைப்பான்) 12
அரைத்த கண்ணாடி நார் 5

செல்லுலோசை முதலில் தண்ணீரில் முழுதாக ஊற விடுங்கள். பிறகு டிஸ்பர்சன்ற், கிருமிகொல்லி, நுரைகொல்லியில் பாதி. 60 மில்லிமீற்றர் பல் வட்டை நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில் ஓட விட்டு டைட்டேனியம், மெலமைன், பென்டா, கடைசியில் பொலிபொஸ்பேற்று என்ற வரிசையில் தூவுங்கள். பொலிபொஸ்பேற்றைப் போட்ட பிறகு 15 நிமிடம் போதும். கலவை 40 பாகையைத் தாண்டக் கூடாது. பகலில் வேலை செய்தால் வாளியை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். பால்மம், டெக்சனோல், நார், மீதி நுரைகொல்லி எல்லாம் 500 சுற்றுக்குக் கீழே இறக்கிய பிறகுதான். வேகமாகச் சுற்றும் வட்டுக்குள் பால்மத்தை ஊற்றினால் அது திரைந்துவிடும்.

100 மில்லிலீற்றர் எடுத்து நிறுத்துப் பாருங்கள். 130 முதல் 140 கிராம் வர வேண்டும். 125க்குக் கீழே என்றால் உள்ளே காற்று நிற்கிறது. ஒரு இரவு மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கிண்டி மறுபடி நிறுங்கள்.

இந்தக் கலவையின் கனவளவில் பாதிக்குச் சற்று மேல்தான் திண்மம். ஆகவே 700 மைக்கிரோமீற்றர் ஈரமாகப் பூசினால் காய்ந்தபின் 360 அளவில் நிற்கும். தடிப்பு அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் தராசு போதும்: 100க்கு 100 மில்லிமீற்றர் தட்டில் காய்ந்தபின் 1 மில்லிமீற்றர் வேண்டுமென்றால் மொத்தம் 26 கிராம் ஈரப் பூச்சு ஏற வேண்டும். அதை மூன்று முறையாகப் பூசுங்கள்.

எரித்துப் பார்க்கும் முறை

3 மில்லிமீற்றர் உருக்குத் தட்டு, பின்பக்க நடுவில் கே வகை வெப்ப இணை, முன்னால் 70 மில்லிமீற்றர் தூரத்தில் காஸ் டோர்ச். தட்டை நிமிர்த்தி நிறுத்துங்கள். கிடையாக வைத்தால் சறுக்கி விழும் கரியும் நல்ல கரி போலத் தோன்றும். 30 செக்கனுக்கு ஒருமுறை பின்பக்க வெப்பநிலையைக் குறியுங்கள். ஒவ்வொரு நாளும் முதலில் பூசாத தட்டொன்றை எரித்து அதன் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். கடற்காற்று சுவாலையைச் சாய்த்தால் அளவீடு எதுவுமே ஒப்பிட உதவாது, ஆகவே மூன்று பக்கமும் தகரம் மறைத்து வையுங்கள். புகையில் அமோனியா நிறைய வரும், மெலமைன் எரிந்தால் சிறிதளவு ஐதரசன் சயனைட்டும் வரலாம். ஆகவே புகைக்கூண்டுக்குள் அல்லது திறந்த வெளியில் காற்றுக்கு மேற்பக்கம் நின்று மட்டும் செய்யுங்கள்.

ஆறிய பிறகு கரியின் உயரத்தை அளந்து காய்ந்த படலத்தின் தடிப்பால் பிரியுங்கள். 20 முதல் 40 மடங்கு என்றால் நல்லது. பிறகு கூரான பிளேட்டால் கரியை நடுவில் வெட்டி உள்ளே பாருங்கள். கோட்டு வரைபடத்தை விட வெட்டுமுகம் அதிகம் சொல்லும். கீழே உள்ள பாதி அறிகுறிகள் வெட்டினால்தான் தெரியும்.

இந்தச் சோதனை ஒரு கலவையை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே. உலைச்சோதனையில் ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தீச்சோதனைத் தரத்தின் வளைகோட்டின்படி 5 நிமிடத்தில் 576 பாகை, 30 நிமிடத்தில் 842, 60 நிமிடத்தில் 945 வரை சூடேற்றுவார்கள். உருக்கு 550 பாகையளவில் தன் வலிமையில் பாதியளவை இழக்கும் என்பதால் தான் அந்த வெப்பநிலையை எட்ட எத்தனை நிமிடம் என்று பார்க்கிறார்கள். டோர்ச்சில் 20 நிமிடம் தாங்கியது என்பதை வைத்துக்கொண்டு கட்டடம் ஒன்றுக்கு 20 நிமிடப் பாதுகாப்பு என்று யாருக்கும் சொல்லக் கூடாது. உள்ளே மனிதர் இருப்பார்கள்.

கரி எழும்பவேயில்லை, கறுத்து ஒட்டிக் கிடக்கிறது

முதலில் எடையைப் பாருங்கள். படலம் 300 மைக்கிரோமீற்றருக்குக் கீழே என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், இன்னும் பூசுங்கள்.

தடிப்பு சரியென்றால் பொலிபொஸ்பேற்றைச் சந்தேகியுங்கள். முதலாம் படிக வகையின் சங்கிலி குட்டை, நீரில் அதிகம் கரையும், சீக்கிரமே சிதையும். இரண்டாம் வகைக்குச் சங்கிலி 1000 அலகுக்கும் மேல். பையில் எழுதியிருப்பதை நம்பாமல் சோதியுங்கள். 10 கிராமை 100 மில்லிலீற்றர் வடிநீரில் 25 பாகையில் 20 நிமிடம் கலக்கி, வடிதாளில் வடித்து, வடிந்த நீரில் 50 மில்லிலீற்றரை 105 பாகையில் முற்றாக ஆவியாக்குங்கள். மிஞ்சியதை இரண்டால் பெருக்கினால் 100 மில்லிலீற்றரில் கரைந்த கிராம். 0.5க்குக் கீழே என்றால் நல்ல பொருள். 2 கிராமுக்கு மேல் வந்தாலோ, கலக்கும்போதே கோழைபோல இழுபட்டாலோ அது முதலாம் வகை, அல்லது கலப்படம்.

வயல் நிறைந்த மாவட்டத்தில் உரக்கடை பக்கத்திலேயே இருக்கிறது. மெலமைனுக்குப் பதில் யூரியா, பொலிபொஸ்பேற்றுக்குப் பதில் உர அமோனியம் பொஸ்பேற்று போட்டுப் பார்க்கும் எண்ணம் வருவது இயல்பு. இரண்டும் நீரில் முழுக்கக் கரையும். அதோடு யூரியா 133 பாகையிலேயே உருகிச் சிதையத் தொடங்கும். பென்டா உருகுவதற்கு முன்பே வாயு போய்விடும், பிறகு பாகு வரும்போது ஊத ஒன்றுமில்லை. பென்டாவுக்குப் பதில் சீனி போட்டாலும் இதே நேரக்குழப்பம்: சீனி 190 பாகைக்குள் உருகிக் கருகத் தொடங்கிவிடும். கிடுகு, பன்பாய் போன்றவற்றை ஊறவைக்க உப்புக்கரைசல் உதவும், 100 பங்கு தண்ணீரில் வெங்காரம் 7 பங்கு, போரிக்கமிலம் 3 பங்கு என்பது பழைய அளவு. முதல் மழையோடு அதுவும் கழுவுப்பட்டுப் போகும், பொங்கும் பூச்சாகவும் அது ஆகாது.

அடுத்தது நிரப்பி. விலை குறைக்கச் சுண்ணாம்பு மாவு, டொலமைற்று, சிப்பிச் சுண்ணாம்பு எதையும் சேர்க்காதீர்கள். காபனேற்று, பிறக்கும் அமிலத்தைப் பிடித்துத் தின்றுவிடும், பென்டாவுக்கு அமிலம் மிஞ்சாது. 5 வீதம் சுண்ணாம்பு மாவு போதும் கரியைச் சப்பையாக்க.

இவை எல்லாம் சரியென்றால் பைண்டர். குறுக்குப் பிணைப்பு அதிகமான, இறுகிய அக்கிரிலிக்கு வகைகள் 300 பாகையில் வேண்டிய அளவு இளகாது. மூடிய வாணலியில் மாப்போல, மெலமைன் வாயு வழி தேடி ஓரத்தால் போய்விடும். அறிகுறி: கரியின் மேல் தோல் விரிசல் விட்டிருக்கும், அடியில் படலம் அப்படியே இருக்கும். பைண்டரை மாற்றி, வேறெதையும் தொடாமல் ஒரு தட்டு எரியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

மப்பிள் உலை (ஆய்வுகூட மூடிய மின் உலை) கிடைத்தால் காய்ந்த படலத்தில் 2 கிராம் வீதம் பீங்கான் மூசைகளில் இட்டு 250, 300, 350, 400, 500 பாகையில் தனித்தனியே 10 நிமிடம் வையுங்கள். 300இல் உருகிப் பளபளத்து, 350இல் பொங்கியிருந்தால் நேரம் பொருந்துகிறது. 250இலேயே குமிழ் என்றால் வாயு முந்திவிட்டது. 350 வரை பொடியாகவே கிடந்தால் அமிலம் இல்லை.

நன்றாக எழும்புகிறது, வெட்டினால் உள்ளே பெரிய பொந்து

மேலே அழகான குமிழ், பின்பக்க வெப்பநிலை மட்டும் கடகடவென்று ஏறும். மெலமைன் கூடிவிட்டது, அல்லது பாகு மிகவும் நீர்த்துவிட்டது. மெலமைனை 85இலிருந்து 70க்கு இறக்கிப் பாருங்கள். பால்மம் 280 கிராமைத் தாண்டியிருந்தால் அதையும் குறையுங்கள், ஆனால் அடுத்த தட்டில். பென்டா பெருமணியாக இருந்தாலும் ஆங்காங்கே பெரிய பொந்து வரும். 50 மைக்கிரோமீற்றருக்குக் கீழான மாவு வேண்டும். நல்ல கரியின் கண்கள் ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்டவையாக, சீராக இருக்கும்.

கரி தட்டிலிருந்து சறுக்கி விழுகிறது

விழுந்த இடத்தில் வெறும் இரும்பு தெரிகிறதா, பிரைமர் (இரும்பில் முதலில் பூசும் அடிப்பூச்சு) தெரிகிறதா, கரியின் மெல்லிய படை தெரிகிறதா என்று பாருங்கள்.

பிரைமர் தெரிந்தாலோ, பிரைமரும் சேர்ந்தே உரிந்திருந்தாலோ, பிழை பூச்சில் இல்லை. குளோரினேற்றிய இறப்பர் போன்ற சூட்டில் இளகும் பிரைமர்கள், தடிப்பாகப் பூசிய அல்கைட்டு பிரைமர் இரண்டும் கரியைத் தாங்குவதற்கு முன்பே வழுக்கிவிடும். எப்பொக்சி நாகப் பொஸ்பேற்று பிரைமர் 50 முதல் 75 மைக்கிரோமீற்றர் பூசி, ஒரு வாரம் விட்டுப் பிறகு மேலே வாருங்கள். வெறும் இரும்பு தெரிந்தால் கழுவுதல் போதவில்லை: எண்ணெய், உப்பு, வெல்டிங் செதில்.

கரியின் மெல்லிய படை இரும்பில் ஒட்டியிருக்க மற்றது விழுந்திருந்தால் கரிக்கே வலு இல்லை. கண்ணாடி நாரை 5இலிருந்து 8 கிராமாக்குங்கள், பசால்ற்று நார் கிடைத்தால் இன்னும் நல்லது. 10ஐத் தாண்டினால் நார் வலையாகப் பின்னிப் பொங்குவதையே தடுக்கும். விரியும் கிரபைற்று சேர்ப்பவர்கள் 2 முதல் 3 வீதத்தோடு நிற்பது நல்லது. சூட்டில் அதன் துகள்கள் புழுப்போல நீளமாக எழும்பும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. கூடினால் கரி உதிரி உதிரியாகச் சுவாலையோடு பறக்கும்.

முதலில் நல்ல கரி, 15 நிமிடத்தில் வெள்ளைப் பொடி

காபன் 500 பாகைக்கு மேல் காற்றில் எரிந்துபோகிறது. பின்னால் நிற்க வேண்டியது கனிம எலும்புக்கூடு. அதைத் தருவது டைட்டேனியம்: உயர் வெப்பத்தில் பொலிபொஸ்பேற்றோடு சேர்ந்து டைட்டேனியம் பைரோபொஸ்பேற்றாகி வெண்மையான, ஆனால் நிற்கும் படையைத் தரும். வெள்ளை என்பதே பிழையல்ல. விரலால் தொட்டால் நின்றால் சரி, ஊதினால் பறந்தால் பிழை. டைட்டேனியம் வெள்ளை விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்துக் களிமண் போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். 70 கிராமை மீண்டும் போடுங்கள். அது இருந்தும் பொடியானால் நாகப் போரேற்று 20 முதல் 30 கிராம், அதே அளவு தண்ணீரைக் குறைத்து. அதற்கு மேல் வேண்டாம், பொங்குவது குறையும்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க ஆலைகளில் மலைபோலக் கிடக்கும் உமிச்சாம்பலை இங்கே பயன்படுத்த முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியும், நிபந்தனையோடு. சாம்பலில் 90 வீதமளவு சிலிக்கா. 500 முதல் 700 பாகைக்குள் எரித்தது படிகமற்ற சிலிக்காவாக இருக்கும், அதுதான் வேண்டும். ஆலை அடுப்பில் கட்டுப்பாடில்லாமல் எரிந்ததில் படிகச் சிலிக்கா இருக்கலாம். அது பூச்சுக்கும் பயனில்லை, நுரையீரலுக்கும் கேடு. இரண்டாவது, சாம்பலில் உள்ள பொற்றாசியம் கலவையைக் காரமாக்கி அமோனியாவை வாளியிலேயே வெளியேற்றும். ஆகவே கிடக்கும் சாம்பலை அப்படியே எடுக்காமல் உமியிலிருந்து தொடங்குங்கள்: உமியை எரிப்பதற்கு முன் 1 வீத ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒரு மணிநேரம் கொதிக்க வைத்து, கழுவு நீர் நடுநிலையாகும் வரை அலசுங்கள். பிறகு 600 பாகையில் வெள்ளையாகும் வரை எரித்து, அரைத்து, 45 மைக்கிரோமீற்றர் அரிதட்டில் சலியுங்கள். 20 முதல் 30 கிராம் சேர்த்தால் கரி இறுகும். 80 கிராமைத் தொட்டால் கரி எழும்பாது. அரைக்கும்போதும் சலிக்கும்போதும் தூசுக் கவசம் கட்டாயம். துணி கட்டினால் போதாது.

விளிம்பில் கிழிகிறது

தட்டுத் தாங்குகிறது, கோணச்சட்டம் தாங்கவில்லை. கூரிய விளிம்பில் ஈரப்பூச்சு விலகி மெல்லிதாகும், கரியும் விளிம்பில் இரண்டு பக்கமாக விரிந்து பிளக்கும். விளிம்பை 2 மில்லிமீற்றர் ஆரைக்குத் தேய்த்து உருட்டுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் விளிம்பை மட்டும் தூரிகையால் ஒருமுறை பூசுங்கள். இது கலவையை மாற்றித் தீர்க்கும் பிழையல்ல.

காயும்போது குளத்துச் சேறு போல வெடிக்கிறது

வைகாசிக்குப் பின் கச்சான் அடிக்கும் மாதங்களில் இது கூடும். மேல் தோல் காய்ந்து இறுக, அடியில் ஈரம் நிற்கும். பூசும் இடத்தைக் காற்றுக்கு மறையுங்கள், வெயில் ஏறிய தகரத்தில் பூசாதீர்கள், ஒரு முறைக்கு 700 மைக்கிரோமீற்றர் ஈரத்தைத் தாண்டாதீர்கள். அப்படியும் வெடித்தால் டெக்சனோலை 12இலிருந்து 16க்கு ஏற்றுங்கள். இந்தக் கலவையில் தூள்களின் பங்கு கனவளவில் 70 வீதத்துக்கு மேல், பைண்டர் எட்டிப் பிடிக்கும் எல்லையில் நிற்கிறது. ஆகவே தூளைக் கூட்டிய எவரும் முதலில் பார்ப்பது இந்த வெடிப்பைத்தான்.

வாளியிலேயே தடிக்கிறது, திறந்தால் அமோனியா மணக்கிறது

முதல் கேள்வி தண்ணீர். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் இடையிலான மணல் நிலத்துக் கிணறுகளில் உப்பும் கல்சியமும் இருக்கும். கல்சியம் டிஸ்பர்சன்றைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும், தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பற்றறிக்கு ஊற்றும் வடிநீரில் 200 கிராம் கலவை ஒன்றும், கிணற்று நீரில் 200 கிராம் ஒன்றும் கலந்து மூன்று நாள் வைத்தாலே விடை கிடைக்கும்.

வடிநீரிலும் தடித்தால் பிஎச் பாருங்கள். 7 முதல் 8க்குள் நிற்க வேண்டும். 8.5க்கு மேலே போனால் அமோனியா வெளியேறும். வாளி வாயில் பிடித்த ஈரச் சிவப்புப் பாசிச்சாயத் தாள் நீலமாகும். பெயின்ற் பழக்கத்தில் பிஎச்சை 9க்கு ஏற்றும் கை இங்கே கெடுதல் செய்கிறது. பிஎச் 6க்குக் கீழே விழுந்தால் பொலிபொஸ்பேற்று நீரோடு தாக்கமுற்று உடைகிறது. பெரும்பாலும் கலக்கும்போது சூடேறியிருக்கும், அல்லது வாளி தகரக் கூரைக்குக் கீழே இருந்திருக்கும். மெலமைன் பிசின் உறை போட்ட பொலிபொஸ்பேற்று இதற்கு நல்ல தீர்வு, ஆனால் அதை மணி அரைப்பானில் அரைத்தால் உறை உடைந்து கொடுத்த காசு வீண். அதனால்தான் மேலே அதைக் கடைசியில் போடச் சொல்லியிருக்கிறது.

தடிப்போடு பால்மம் தயிர்போலத் திரிந்திருந்தால், அது அயனி மின்னேற்றத்தால் மட்டும் தாங்கப்பட்ட பால்மம். பொலிபொஸ்பேற்றிலிருந்து கரையும் உப்பு அதைத் திரிக்கும். அயனிசாராப் பரப்புப் பொருளால் தாங்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாதத்தில் மணல்போல நெருடுகிறது

பகல் சூட்டில் பென்டா கொஞ்சம் கரைந்து, இரவுக் குளிரில் பெரிய பளிங்காக வளர்கிறது. அரைத்தாலும் மறுபடி வரும். பென்டா 100 மில்லிலீற்றர் நீரில் 5, 6 கிராம் கரையும். டைபென்டாஎரித்திரிட்டோல் அதில் பத்திலொரு பங்கும் கரையாது. விலை கூட, ஆனால் வெளிவேலைக்கு வேறு வழியில்லை.

மழைக்குப் பிறகு வெள்ளை பூக்கிறது, விரல் ஒட்டுகிறது

எங்கள் மாவட்டங்களில் மிகக் கூடுதலாக வரும் முறைப்பாடு இதுவாகத்தான் இருக்கும். மிக ஆபத்தானதும் இதுதான். பார்வைக்குப் பூச்சு முழுதாக இருக்கும், எரித்தால் பொங்காது. பொங்க வேண்டிய பொருள் ஏற்கெனவே வெள்ளையாக வெளியே வந்து வழிந்து போய்விட்டது.

கண்ணாடித் துண்டில் 500 மைக்கிரோமீற்றர் பூசி ஏழு நாள் காயவிட்டு நிறுங்கள். 24 மணிநேரம் வடிநீரில் அமிழ்த்தி, எடுத்து 50 பாகையில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். 5 வீதத்துக்கு மேல் இழந்திருந்தால் மேற்பூச்சில்லாமல் வெளியே விடக் கூடாது. அமிழ்த்திய நீரை ஆவியாக்கினால் யார் வெளியேறியது என்று தெரியும்: படிவு 260 பாகை கடந்ததும் தெளிவாக உருகினால் பென்டா, நுரைத்து அமோனியா விட்டால் பொஸ்பேற்று. பென்டா என்றால் டைபென்டாவுக்கு மாறுங்கள். பொஸ்பேற்று என்றால் வகையை மறுபடி சோதியுங்கள், அல்லது உறை போட்டதை எடுங்கள். ஒரே கலவையில் இரண்டு தட்டு பூசி, ஒன்றை நனைத்து உலர்த்திவிட்டு இரண்டையும் எரிப்பது எந்தக் கலவைக்கும் கட்டாயச் சோதனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நனைக்காத தட்டின் பெறுபேறு மட்டும் கையில் இருந்தால் மட்டக்களப்பில் அந்தக் கலவையைப் பற்றி எதுவும் தெரியாது என்றுதான் பொருள்.

பைண்டரும் காரணமாகலாம். தனிப் பொலிவைனைல் அசற்றேற்று ஈரத்தில் வெளுத்து மெதுமெதுப்பாகும். வியோவா சேர்ந்தது தாங்கும்.

மேற்பூச்சு 40 முதல் 60 மைக்கிரோமீற்றர் போதும். பொலியூரித்தேன் நல்லது. 100ஐத் தாண்டினால் அது தோலாக நின்று பொங்குவதை அமுக்கும். அடியில் ஈரம் நிற்கும்போது மேற்பூச்சைப் போட்டால் கொப்புளம் வரும். ஒரு மாதிரித் தட்டின் எடை 24 மணிநேரத்தில் 0.5 வீதத்துக்கும் குறைவாக மாறுகிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள். மாரியில் இதற்கு இரண்டு வாரமும் எடுக்கும். ஐப்பசி முதல் தை வரை வெளிவேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

காய்வதற்குள் துருப்புள்ளி

இரும்பில் உப்பு. துடைத்த இடத்தை வடிநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, பிழிந்த நீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விடுங்கள். பால்போல வெளுத்தால் குளோரைட்டு இருக்கிறது. நன்னீரால் கழுவி, உலர்த்தி, மறுபடி தேய்த்து, அன்றே பிரைமர் பூசுங்கள். இரும்பின் வெப்பநிலை பனிபடுநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேண்டும். தை மாசி விடியற்காலையில் அது இராது. பொங்கும் பூச்சை வெறும் இரும்பில் நேரே பூசாதீர்கள். ஈரம் புகுந்தால் பொஸ்பேற்று உப்பே துருவைக் கூட்டும்.

துணிக்குக் கைற்றோசன் பூச்சு: பாத்திரத்திலேயே திரிகிறது

மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் கைற்றோசன்–பைற்றிக்கமிலப் பூச்சை முயல்பவர்களும் இருப்பார்கள் என்பதால் இரண்டு பிழைகள் மட்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் சேர்ந்து உடனே கட்டியாகும், துணியில் எதுவும் ஏறாது. தனித்தனிப் பாத்திரம் வேண்டும்: 1 வீத அசற்றிக்கமிலத்தில் 0.5 வீதக் கைற்றோசன் ஒன்றில், 2 வீதப் பைற்றிக்கமிலம் மற்றதில், இரண்டும் பிஎச் 4க்குத் திருத்தியபடி. ஒவ்வொன்றிலும் 2 நிமிடம், இடையில் வடிநீரில் அலசல். இப்படிப் பத்து முறை. தனித்தனியாக வைத்தும் பைற்றிக்கமிலம் கலங்கினால், இறால் கோதிலிருந்து எடுத்த கைற்றோசனில் கல்சியம் மிஞ்சியிருக்கிறது. 1 கிராமை 600 பாகையில் எரித்து நிறுங்கள். சாம்பல் 10 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மறுபடி ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கழுவ வேண்டும்.

துணி மஞ்சளித்து இழுத்தால் கிழிந்தால், பைற்றிக்கமிலக் கரைசலின் பிஎச் திருத்தப்படவில்லை, அல்லது 110 பாகைக்கு மேல் உலர்த்தியிருக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்து பருத்தியின் செல்லுலோசை வெட்டும். 70, 80 பாகையில் உலர்த்துங்கள். சவர்க்காரத்தில் தோய்த்தால் இந்தப் பூச்சு கழன்றுவிடும். திரைச்சீலை, சுவர்த்தொங்கல் போன்ற தோய்க்காத துணிகளுக்கு மட்டுமே இதைச் சொல்லலாம், உடுப்புக்குச் சொல்லக் கூடாது.